ரேடியேட்டர் ஏன் தட்டுகிறது? ஹீட்டிங் சத்தமும் ஏர் பிடித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் முதல் குளிர் இறங்கி, எல்லா வீட்டிலும் ஹீட்டிங்கைப் போடுகிற வாரத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அழைப்பார்கள். "அண்ணா, சுவருக்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கு." "மாமா, மாடி ரூம் ரேடியேட்டர் பாதிதான் சுடுது." நான் ஹீட்டிங் வேலை செய்பவன். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேஸ் பாய்லரில் தண்ணீரைச் சூடாக்கி, அறைகளிலுள்ள ரேடியேட்டர்களில் ஓடவிடுகிற, பிரிட்டனில் பரவலாக இருக்கும் வீடுகளை வைத்துத்தான் சொல்கிறேன். டொரொண்டோ போன்ற ஊர்களில் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் வீடுகளே அதிகம். அவற்றுக்கு இது பொருந்தாது.

சத்தம் கேட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எதையும் திருகாமல் ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். எங்கிருந்து வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, எப்படிப்பட்ட சத்தம் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ரேடியேட்டருக்குள் சலசல, களக் களக் என்று ஓடை ஓடுவதுபோல் கேட்டால் பெரும்பாலும் காற்று. ஹீட்டிங் போட்ட சில நிமிடங்களில் தரைக்கு அடியில் டக்... டக்... என்று தொடங்கி, வீடு சூடானதும் அடங்கி, அணைத்த பிறகு மறுபடி கேட்டால் அது பைப் நீளுவதும் சுருங்குவதும். ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் டம்டம்டம் என்று வேகமாக அடித்தால் அதன் வால்வைச் சந்தேகிக்கலாம். பாய்லருக்குள்ளேயே கெட்டில் கொதிப்பதுபோல் உறுமினால் அது வேறு கதை. பாய்லர் பற்றும் நொடியில் டும் என்று வெடிச்சத்தம் வந்தால் மற்ற கேள்விகளை விட்டுவிட்டு நேரே அந்தக் கேள்விக்குப் போங்கள். அது கீழே இருக்கிறது.

மூடிய பைப்புக்குள் காற்று எப்படிப் போகும்?

ஊரில் மோட்டாரில் ஏர் பிடித்துக்கொண்டால் எவ்வளவு நேரம் ஓடினாலும் தண்ணீர் ஏறாது, பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே சங்கதிதான். தண்ணீர் போக வேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்துவிட்டது.

வரும் வழிகள் மூன்று. முதலாவது, குழாய்த் தண்ணீரிலேயே காற்று கரைந்திருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதனால் அவ்வளவு காற்றைப் பிடித்துவைத்திருக்க முடியாது. அடுப்பில் வைத்த பாத்திரத்தில் கொதிக்கும் முன்பே ஓரமாகக் குட்டிக் குட்டிக் குமிழி ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். புதுத் தண்ணீர் நிரப்பிய பிறகு முதல் சில நாட்கள் சலசலப்பு இருப்பது இதனால்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, எங்கோ ஓர் இடத்தில் பைப் காற்றை உறிஞ்சுவது. மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த பழைய அமைப்புகளில் இதை அதிகம் பார்க்கலாம். மூன்றாவதைப் பலர் நம்ப மாட்டார்கள். ரேடியேட்டரின் உள்பக்க இரும்பு துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அதாவது வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை, உள்ளேயே பிறக்கிறது. ஹைட்ரஜன் தீப்பற்றும். அதனால் ரேடியேட்டரில் காற்றுத் திறக்கும்போது பக்கத்தில் மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ வேண்டாம்.

காற்றுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹீட்டிங் ஓடும்போது ரேடியேட்டரைக் கையால் தடவிப் பாருங்கள். சூடு பார்த்துத் தொடுங்கள். மேலே சில்லென்று, கீழே சூடாக இருந்தால் காற்று. மேலே சூடாக, கீழே நடுப்பகுதி சில்லென்று இருந்தால் அது காற்று அல்ல, சேறு படிந்திருக்கிறது. அதைக் காற்றுத் திறந்து சரிசெய்ய முடியாது. ரேடியேட்டர் முழுதுமே சில்லென்று இருந்து மற்றவை நன்றாகச் சுட்டால் வால்வு சிக்கியிருக்கலாம். எண் போட்ட தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு ஊசி தெரியும். விரலால் அல்லது ஒரு மரத்துண்டால் மெதுவாக அமுக்கினால் அது இறங்கித் திரும்ப எழ வேண்டும். எழாமல் இருந்தால் இரண்டு மூன்று தடவை மெல்ல அமுக்கிப் பாருங்கள். இடுக்கி வைத்து இழுத்துவிடாதீர்கள், ஊசி கையோடு வந்தால் அறை முழுக்கத் தண்ணீர்.

காற்றை எப்படி வெளியேற்றுவது?

ஹீட்டிங்கை அணைத்து ரேடியேட்டர் ஆறும் வரை காத்திருங்கள். இரண்டு காரணம். ஒன்று, கை சுடக்கூடாது. மற்றொன்று, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால் சில இடங்களில் காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளே இழுக்கப்படும்.

ரேடியேட்டரின் மேல் மூலையில் சதுரத் தலையுள்ள ஒரு சிறு திருகு இருக்கும். அதற்கென்று ரேடியேட்டர் சாவி எந்த ஹார்டுவேர் கடையிலும் ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். புது ரேடியேட்டர்கள் சிலவற்றில் தட்டை ஸ்க்ரூடிரைவரே போதும். கீழே ஒரு பழந்துணியும் சிறு கிண்ணமும் பிடித்துக்கொண்டு இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று வரும். பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும், கடைசியில் சீராகத் தண்ணீர் கசியும். அந்த நொடியில் மூடிவிடுங்கள். இறுக்கி முறுக்க வேண்டாம், பித்தளைத் திருகு சீக்கிரம் மொட்டையாகிவிடும். திருகை முழுதாகக் கழற்றியே விடாதீர்கள். கறுப்புத் தண்ணீர் பீச்சியடிக்கிற வேகத்தில் அதைத் திரும்பப் பொருத்துவது எளிதல்ல. வெளிர்நிறக் கார்பெட் இருந்தால் கறை போகவே போகாது.

கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போங்கள். குளியலறையில் துண்டு காயப்போடும் ஏணி வடிவ ரேடியேட்டர் இருந்தால் அதை மறக்காதீர்கள், உயரமானது என்பதால் காற்று அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

காற்றை விட்டேன். இப்போது பாய்லரே ஓடவில்லை. கெடுத்துவிட்டேனா?

இல்லை. காற்று வெளியேறிய அளவுக்கு உள்ளே பிரஷர் குறைந்திருக்கிறது. ஹீட்டிங் ஆறிய நிலையில் பாய்லரில் பிரஷரைக் காட்டும் முள் 1 முதல் 1.5 பார் (பிரஷரின் அளவு) வரை காட்ட வேண்டும். மிகவும் குறைந்தால் பல பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

பாய்லருக்கு அடியில் வெள்ளிநிறப் பின்னல் போட்ட ஒரு சிறு குழாயும் அதில் ஒன்று அல்லது இரண்டு வால்வும் இருக்கும். சில பாய்லர்களில் அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் சாவியோ நெம்புகோலோ இருக்கும். முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திறந்து, 1.2 அல்லது 1.3 வந்ததும் மூடுங்கள். இரண்டு வால்வு இருந்தால் இரண்டையும் மூட வேண்டும். கொஞ்சம் திறந்தே விட்டுவிட்டால் பிரஷர் ஏறிக்கொண்டே போய் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவரில் உள்ள செம்புக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும்.

ஏன் 1 பார் என்று ஒருவர் கேட்டார். தண்ணீரைப் 10 மீட்டர் உயரத்துக்குத் தாங்க ஏறக்குறைய 1 பார் வேண்டும். பாய்லர் அடுக்களையில் இருந்து, மாடி ரேடியேட்டர் அதற்கு 4, 5 மீட்டர் மேலே இருந்தால் 0.5 பார் அங்கேயே போய்விடுகிறது. மிச்சம்தான் மேலே காற்று புகாமல் காக்கிறது.

எங்கள் பாய்லரில் முள்ளே இல்லை. என்ன செய்வது?

அப்படியானால் பெரும்பாலும் லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில், ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அதுதான் ஹீட்டிங்குக்குத் தண்ணீர் தருகிறது. காற்றை விட்டதும் தானாக நிரப்பிக்கொள்ளும். ஒரு தடவை விளக்கோடு ஏறிப் பாருங்கள். மிதவை மேலேயே சிக்கிக்கொண்டு தொட்டி வற்றியிருந்தால் உங்கள் பைப்பெல்லாம் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். மாடி ரேடியேட்டர்கள் மட்டும் திரும்பத் திரும்ப சில்லென்று ஆவதற்கு இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மிதவையைக் கொஞ்சம் அசைத்தாலே தண்ணீர் வந்துவிடும், ஆனால் வால்வை மாற்றிவிடுவது நல்லது. அப்புறம், அந்தத் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தாலோ, மேலே வளைந்து நிற்கும் பைப்பிலிருந்து ஹீட்டிங் ஓடும்போது தண்ணீர் விழுந்தாலோ, பம்ப் தண்ணீரைச் சுற்றிக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுகிறது என்று அர்த்தம். விழும்போதெல்லாம் அது காற்றைக் கரைத்துக்கொண்டு திரும்பப் போகும். அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

மாதம் தவறாமல் காற்று சேருகிறது. இப்படியே விட்டுக்கொண்டிருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்கும்போது காற்றை விடுவது இயல்பு. மாதாமாதம் விட வேண்டியிருக்கிறது என்றால் காற்று ஓர் அறிகுறி, நோய் வேறெங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளில் இரண்டு வாரம் முள்ளைக் குறித்துவையுங்கள். காலையில் ஹீட்டிங் தொடங்கும் முன் ஒரு தடவை, நன்றாகச் சூடான பிறகு ஒரு தடவை.

ஆறிய நிலையில் எண் நாளுக்கு நாள் இறங்குகிறதா? அப்படியானால் எங்கோ தண்ணீர் போகிறது. நீங்கள் புதுத் தண்ணீர் நிரப்புகிறீர்கள், அந்தத் தண்ணீரோடு புதுக் காற்றும் ஆக்சிஜனும் போகின்றன, ஆக்சிஜன் இரும்பைத் தின்கிறது. நிரப்புவது உதவி போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு தடவையும் ரேடியேட்டரின் ஆயுளைக் கொஞ்சம் குறைக்கிறீர்கள். வால்வு மூட்டுகளில் பச்சை அல்லது வெள்ளைக் கறை இருக்கிறதா, தரையில் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆறும்போது சரியாக இருந்து, சூடானதும் முள் 3-ஐ நெருங்கிப் போய், மறுபடி ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுகிறதா? அது விரிவுக் கலம் செயலிழந்ததன் அடையாளம். நூறு லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் 2 லிட்டருக்கு மேல் கூடிவிடும். அந்தக் கூடுதல் தண்ணீர் போய் இருப்பதற்காகத்தான் பாய்லருக்குள் ஒரு உருண்டைத் தகரக் கலம். நடுவில் ரப்பர்ச் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. அந்தக் காற்று இறங்கிவிட்டாலோ சவ்வு கிழிந்தாலோ கூடுதல் தண்ணீருக்கு இடமில்லாமல் பாதுகாப்பு வால்வு வழியே வெளியே போகிறது. வெளிச்சுவரில் உள்ள செம்புக் குழாயின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பையில் தண்ணீர் சேர்ந்தால், வால்வு கசிகிறது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. இது ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஒரு வீட்டில் இரண்டு குளிர்காலமாக வாரம் இருமுறை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். கலத்துக்குக் காற்று ஏற்றியதும் நிரப்பும் தேவை நின்றது, ஆனால் அதற்குள் ஒரு ரேடியேட்டர் அடிப்பக்கம் ஓட்டையாகியிருந்தது. அந்தச் செலவு தேவையே இல்லாதது என்று நினைக்கும்போது இன்றும் மனசு கேட்கவில்லை.

மூன்றாவது நிலை: முள் இறங்கவே இல்லை, ஆனாலும் காற்று சேருகிறது. அப்படியானால் அது பெரும்பாலும் நான் மேலே சொன்ன ஹைட்ரஜன். உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்கிறது.

ரேடியேட்டரிலிருந்து கறுப்புத் தண்ணீர் வந்தது. அது என்ன?

துருவின் ஒரு வகை. மேக்னடைட் என்பார்கள். காந்தம் அதை இழுக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளியே ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் அந்தப் பக்கம் வந்து கூடும். தண்ணீர் செம்பழுப்பாக இருந்தால் இன்னும் கவலைக்குரியது, ஆக்சிஜன் தொடர்ந்து உள்ளே போகிறது என்று பொருள். மருந்து: அமைப்பை இரசாயனம் விட்டுக் கழுவி, காந்த ஃபில்டர் ஒன்று பொருத்தி, துருவைத் தடுக்கும் இன்ஹிபிட்டரைச் சரியான அளவு சேர்ப்பது. இன்ஹிபிட்டர் விலை அதிகமில்லை. யாராவது உங்கள் வீட்டுத் தண்ணீரை வடித்து வேலை செய்தால், திரும்ப நிரப்பும்போது அதைச் சேர்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பலர் கேட்பதில்லை, சிலர் சேர்ப்பதுமில்லை.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் மெஷின் துப்பாக்கிபோல் அடிக்கிறது. ஏன்?

தெர்மோஸ்டாட் வால்வு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். பழைய வால்வுகள் பலவற்றில் தண்ணீர் ஒரே திசையில்தான் போக வேண்டும். எதிர்த்திசையில் வந்தால், அறை சூடாகி வால்வு மூடப்போகும் தருணத்தில் தண்ணீர் அதை இழுத்துச் சாத்தும், அது திரும்பத் திறக்கும், மறுபடி சாத்தும். சோதிக்க எளிய வழி உண்டு. சத்தம் வரும்போது அந்த வால்வை முழு எண்ணுக்குத் திறந்துவிடுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் குற்றவாளி அதுதான். வால்வின் மேல் அம்புக்குறி இருக்கும். முதலில் சூடாகும் பைப் எது என்று பார்த்து ஒப்பிடுங்கள். இரு திசையும் தாங்கும் வால்வாக மாற்றினால் தீர்ந்துவிடும்.

இரவில் தரைக்கு அடியில் டக் டக் என்கிறது. பேய் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

செம்புப் பைப்தான் பேய். 5 மீட்டர் நீளமுள்ள செம்புப் பைப்பின் சூடு 50 டிகிரி கூடினால் அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளுகிறது. மரச் சட்டங்களில் இறுக்கமாக வெட்டிய பள்ளத்துக்குள் அது படுத்திருந்தால் நீள இடமில்லாமல் உராய்ந்து, பிடித்து, விடும்போதெல்லாம் டக். ஆபத்து எதுவுமில்லை. முழுத் தீர்வு, பலகையை எடுத்துப் பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கிப் பைப்புக்கு அடியில் கம்பளித் துண்டு வைப்பது. அதற்கு முன் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள்: பாய்லரில் ரேடியேட்டர் சூட்டை 75, 80-லிருந்து 60-க்கு இறக்குங்கள். பைப் நீளுவது குறையும், சத்தம் குறையும், கண்டென்சிங் பாய்லரானால் (புகையோடு போகும் சூட்டையும் பயன்படுத்தும் வகை) கேஸும் மிச்சமாகும். ஒரு எச்சரிக்கை. தனியாக வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, கிருமி வளரும். அப்படிப்பட்ட வீடுகளில் ஆளைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

பாய்லர் கெட்டில்போல் உறுமுகிறது.

சூடேற்றும் பகுதிக்குள் தண்ணீர் போதிய வேகத்தில் ஓடவில்லை, ஓரங்களில் அங்கங்கே கொதித்துவிடுகிறது. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் எல்லோரும் அதன்மேல் பழியைப் போடுவார்கள். அதில் பாதி உண்மை. ஹீட்டிங்கில் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, அதிலுள்ள சுண்ணாம்பு கொஞ்சம்தான். நீங்கள் அடிக்கடி புதுத் தண்ணீர் நிரப்பினால்தான் படிவு கூடும். சேறு, பலவீனமான பம்ப், எல்லா ரேடியேட்டர்களையும் மூடிவைத்தல் ஆகியவையும் காரணமாகலாம். முதலில் இரண்டு மூன்று ரேடியேட்டர்களை முழுதாகத் திறந்து பாருங்கள். மாற்றமில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

பாய்லர் பற்றும்போது டும் என்று வெடிக்கிறதே?

உடனே அணையுங்கள். கேஸ் உடனே பற்றாமல் கொஞ்சம் சேர்ந்து பிறகு பற்றுகிறது என்பதன் அடையாளம் அது. திரும்பப் போட்டுச் சோதிக்க வேண்டாம். கேஸ் வாசனை இருந்தால் சன்னல்களைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய் 0800 111 999 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். அது நாள் முழுதும் இயங்கும். வீட்டிலுள்ளவர்களுக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம் இருந்து, வெளியே போனால் தெளிந்தால் கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அப்போதும் உடனே வெளியேறி அதே எண்ணுக்கு அழையுங்கள்.

பாய்லரைத் திறந்து வேலை செய்ய கேஸ் சேஃப் பதிவு உள்ளவருக்கு மட்டுமே சட்டப்படி அனுமதி. 2009 ஏப்ரலுக்கு முன் கோர்கி என்ற பதிவு இருந்தது, இப்போது அது செல்லாது. அட்டையை வாங்கிப் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். தெரிந்தவர், நம்ம ஆள் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். என்னிடமும் கேளுங்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

குழாயை மூடும்போதும், வாஷிங் மெஷின் தண்ணீர் எடுத்து நிறுத்தும்போதும் மட்டும் டொம் என்கிறது.

இதற்கும் ஹீட்டிங்குக்கும் சம்பந்தமில்லை. வேகமாக ஓடும் தண்ணீர் திடீரென்று நிறுத்தப்படுவதால் பைப் உதறுகிறது. தண்ணீர் வரும் பிரதான வால்வைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், ஆடும் பைப்பை கிளிப் போட்டு இறுக்குங்கள்.

நியூயார்க்கில் என் தங்கை வீட்டு ரேடியேட்டரும் அடிக்கிறது. இதையே செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். அங்கே பழைய அடுக்குமாடிகளில் தண்ணீர் அல்ல, நீராவி ஓடுகிறது. ஆவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்ப வழியில்லாமல் தேங்கினால், வேகமாக வரும் ஆவி அதைத் தூக்கி அடிக்கிறது. ஒரே பைப் உள்ள ரேடியேட்டரானால் அது வால்வு பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும், வால்வை முழுதாகத் திறக்க வேண்டும் அல்லது முழுதாக மூட வேண்டும். பாதி திறந்து வைப்பதுதான் பல வீடுகளில் சத்தத்துக்குக் காரணம்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். யார் செலவு?

இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீடுகளில், ஹீட்டிங்கையும் வெந்நீர் அமைப்பையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. 1985-ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. கேஸ் சாதனங்களை வருடத்துக்கு ஒரு தடவை சோதித்து, அந்தச் சோதனைச் சான்றின் நகலை அவர் உங்களுக்குத் தரவும் வேண்டும். காற்றை விடுவது, பிரஷர் நிரப்புவது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். மற்றதற்குத் தொலைபேசியில் மட்டும் சொல்லாமல் செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ எழுதுங்கள், முள்ளைக் குறித்த அந்தத் தாளையும் படமெடுத்து அனுப்புங்கள். புகார் செய்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்து குளிரில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இது உங்கள் உரிமை, கேளுங்கள். பதில் வராவிட்டால் உள்ளூர் கவுன்சிலில் முறையிடலாம்.

கோடையில் ஏதாவது செய்ய வேண்டுமா?

மாதம் ஒரு தடவை பத்து நிமிடம் ஹீட்டிங்கை ஓட்டுங்கள், பம்ப் சிக்கிக்கொள்ளாது. தெர்மோஸ்டாட் வால்வுகளை முழுதாகத் திறந்தே வைத்திருங்கள். மூடிவைத்தால் அந்தச் சிறு ஊசி அமுங்கியே இறுகிவிடும், அக்டோபரில் எனக்குத்தான் அழைப்பீர்கள்.